கடைசி ஒரு கஜம்

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன என்று தொடங்கத்தான் ஆசை. மாசி முடியும் வரைக்கும் அது உண்மையும்கூட. ஆனால் பங்குனி வெயிலில் காட்டாறு வற்றி, நீலமடு என்ற ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சும்போது, மேற்குக் கரைக்காரர்களும் கிழக்குக் கரைக்காரர்களும் முட்டிக்கொள்வார்கள். வருஷத்துக்கு நாலைந்து கொம்பாவது ஒடியும்.

அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த நாரை ஒன்று இதைப் பார்த்து முகம் சுளித்தது. நாகரிகமான தேசங்களில் முட்டிக்கொள்வதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்கு விதிப்புத்தகம் உண்டு, நடுவர் உண்டு என்று எடுத்துச் சொன்னது. பந்து பப்பாளிப்பழம் போல நீளவாட்டில் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது கையால் எறிய வேண்டும். காலால் தொடுவது எப்போதாவதுதான் என்பதால் அதற்குக் கால்பந்து என்று பெயர். பக்கத்துக்குப் பதினோரு பேர். நான்கு வாய்ப்பு தருவார்கள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். எதிராளியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி. தாண்ட முடியாது என்று பயமாக இருந்தால், இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளியோடு மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஜெயித்த கரைக்கு அந்தக் கோடை முழுக்க நீலமடு. தோற்ற கரை மூன்று மலை தாண்டி முதலைக்கயத்துக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். போன எல்லோரும் திரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது.

விளையாட்டு வந்த பிறகு வருஷத்துக்கு ஏழெட்டுக் கொம்பு ஒடிந்தது. ஆனால் எல்லாம் விதிப்படி ஒடிந்தது.

மேற்குக் கரைக்குப் பயிற்சியாளர் சடையாண்டி என்ற கரடி. அவருடைய அணி மோசமான அணியல்ல. மைதானத்தின் நடுவில் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. மான் ஓடும், மந்தி எறியும், தொண்ணூற்றொன்பது கஜம் வரைக்கும் அப்படியே வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி போவார்கள். கடைசி ஒரு கஜம் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு கஜத்தில்தான் மூன்று வருஷமாகத் தோற்றார்கள்.

காரணம் இல்லாமலில்லை. நடுமைதானத்தில் எதிராளி முன்னாலும் பார்க்க வேண்டும், பின்னாலும் பார்க்க வேண்டும். எல்லைக்கோட்டருகே வந்துவிட்டால் அவர்களுக்குப் பின்னால் காக்க ஒன்றுமில்லை. பதினோரு பேரும் கோட்டின் மேல் வந்து மதில் மாதிரி நின்றுவிடுவார்கள். கிழக்குக் கரை மதிலில் மூன்று காட்டெருமைகள் வேறு. முதல் வருஷம் சடையாண்டி பந்தை மானிடம் கொடுத்தார். மான் இடுக்குத் தேடிப் பக்கவாட்டில் ஓடி, கிடைக்காமல் மைதானத்தை விட்டே ஓடிப்போனது. இரண்டாம் வருஷம் முயல் மதிலைத் தாண்டிக் குதித்தது. அந்தப் பக்கம் இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை.

மூன்றாம் வருஷம் மதியழகன் என்ற கீரி ஆலோசகராக வந்தது. சுற்றுலாக்காரர்கள் மறந்துவிட்டுப் போன ஒரு டேப்லெட் அதன் கையில் இருந்தது. ஓடப்போகிறோம் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் எறிய வேண்டும் என்பது அதன் கட்சி. மந்தி எறிந்தது. கிழக்குக் கரைக் காட்டுப்பூனை அதை நோகாமல் பிடித்துக்கொண்டு போய்விட்டது. முடிவு எடுத்தது சரி, முடிவு வந்ததுதான் தப்பு என்று கீரி ஒரு வாரம் விளக்கியது. அதற்குள் பாதிப் பேர் முதலைக்கயத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சடையாண்டி ஒரு நாள் காலையில் கரையான் தின்னப் போனார்.

அதே புற்றுக்கு அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது ஓர் அழுங்கு. செதிலப்பன் என்று பெயர். உடம்பெல்லாம் ஓடு போட்ட மாதிரி செதில், முழ நீள நாக்கு, பயந்த சுபாவம். இலை விழுந்தால்கூடப் பந்தாகச் சுருண்டுவிடுவான். இந்தப் பழக்கத்தால் அவனுக்கு ஒரு பெரிய நஷ்டம் ஏற்பட்டிருந்தது. காட்டில் தலைக்கணக்கு எடுக்க வந்தபோதெல்லாம் அவன் சுருண்டு கிடந்தான். கணக்கெடுத்தவர்கள் இரண்டு முறையும் பலாக்காய் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தலைக்கணக்கில் பேர் இருந்தால்தான் மடுவில் குடிக்கத் தண்ணீர்ச் சீட்டு; பலாக்காய்க்குக் கிடையாது. மேற்குக் கரை ஜெயித்த வருஷங்களிலும் அவன் விடியற்காலைப் பனியை நக்கித்தான் காலம் தள்ளினான்.

புற்றுக்குள் தலையை விட்டிருந்த செதிலப்பனைச் சடையாண்டி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கோபம் வந்து முதுகைக் கொடுத்துத் தள்ளினார். அவன் பயத்தில் சுருண்டான். அவர் இன்னும் தள்ளினார். சுருண்ட உருண்டை, ஆளுயரப் புற்றைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து விழுந்தது. ஒரு செதிலுக்குக்கூடச் சேதமில்லை.

சடையாண்டி கரையானை மறந்தார். புற்றில் விழுந்திருந்த ஓட்டையைக் கையால் அளந்து பார்த்தார். ஒரு கஜம் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே செதிலப்பன் அணியில் சேர்க்கப்பட்டான். அணியில் இருப்பவர்களுக்குத் தலைக்கணக்கில் பேர் இல்லாவிட்டாலும் சீட்டு உண்டு என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தான். அவனைத் தள்ளுவதற்குச் சடையாண்டியின் முதுகு போதாது. அதற்காகக் கஜலட்சுமி என்ற யானையை வரவழைத்தார்கள்.

கஜலட்சுமிக்கும் சீட்டு ஒரு பிரச்சினைதான். ஒரு யானை ஒரு வேளை குடிப்பதை வைத்து மான்கூட்டமே ஒரு வாரம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு, யானைகளுக்கு அணியில் வேலை செய்தால் மட்டுமே சீட்டு என்று வைத்திருந்தார்கள். அவளுக்குப் பிறந்து ஏழு மாதமான கன்று ஒன்று இருந்தது. முதலைக்கயத்துக்கு அதை நடத்திக்கொண்டு போக அவளுக்கு மனமில்லை.

வேலை எளிமையானது. நடுமைதானத்தில் செதிலப்பனுக்குப் பங்கில்லை. கடைசி ஒரு கஜத்துக்கு மட்டும் அவனைத் தூக்கி வந்து கோட்டின் முன் வைப்பார்கள். பந்தை வயிற்றோடு அணைத்து அவன் சுருண்டுகொள்வான். இடப்பக்கம் ஒரு காட்டுப்பன்றி, வலப்பக்கம் ஒரு காட்டுப்பன்றி. பின்னால் கஜலட்சுமி நெற்றியைக் கொடுப்பாள். உயரமானவர்களை அண்ணாந்து மோதிப் பழகிய காட்டெருமைகளுக்குத் தரையோடு தரையாக வருகிற ஒன்றை எங்கே பிடிப்பது என்று தெரியாது. குனிந்து பிடிப்பதற்குள் உருண்டை காலிடுக்கில் புகுந்துவிடும்.

முதல் பயிற்சியில் செதிலப்பன் நடுங்கிய நடுக்கத்தில் செதில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. கஜலட்சுமி துதிக்கையால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“நீ சுருண்டுக்கோ தம்பி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“எந்தப் பக்கம் போறோம்னு எனக்குத் தெரியாதே அக்கா.”

“உனக்கு எதுக்கு? எனக்குத் தெரிஞ்சா போதாதா?”

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இருட்டில் பின்னாலிருந்து பாறை மாதிரி ஒரு நெற்றி வந்து ஒட்டியது; உலகம் ஒரு தடவை நகர்ந்தது; நின்றது. கண்ணைத் திறந்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். அன்றைக்கு இருபது தடவை செய்தார்கள். இருபது தடவையும் ஒரு கஜம். இரண்டு கஜமும் இல்லை, முக்கால் கஜமும் இல்லை. ஒரு கஜம் நகர ஒரு கஜம்தான் வேண்டும் போலிருக்கிறது என்று கஜலட்சுமியைப் பார்த்துக் காட்டுப்பன்றிகள் பேசிக்கொண்டன.

அந்த வருஷத்து இறுதி ஆட்டம் வழக்கம்போலவே போனது. முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. மேற்குக் கரை நான்கு புள்ளி பின்தங்கி இருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம், நான்காவது வாய்ப்பு. உதைத்தால் மூன்று, அது போதாது. மதியழகன் டேப்லெட்டை நீட்டி, செதிலப்பனைப் பற்றி முன்விவரம் ஏதும் இல்லை, விவரம் இல்லாத ஒன்றை நம்புவது அறிவாகாது, எறிவதே நல்லது என்று சொன்னது. சடையாண்டி தயங்கினார். கீரி சொன்னதைக் கேட்டுச் செதிலப்பனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. எறிந்துவிட்டால் அவன் போக வேண்டியதில்லை. அது பலித்தால் கையையோ காலையோ ஒடித்துக்கொள்ளாமலே சீட்டு கிடைக்கும். ஆனால் சடையாண்டிக்குப் போன வருஷத்துக் காட்டுப்பூனையின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. செதிலப்பனைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

எதிரே பன்னிரண்டு குளம்புகள். அதற்கு மேல் செதிலப்பன் பார்க்கவில்லை. பந்தை அணைத்துச் சுருண்டான். நெற்றி வந்து ஒட்டியது. தலைக்கு மேலே முக்கலும் முனகலும், புழுதி, ஏதோ ஒரு குளம்பு செதிலில் வழுக்கிய சத்தம். பிறகு எல்லாம் நின்றது.

நடுவர் நிதானமூர்த்தி என்ற ஆமை. அவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்து பார்த்தால் பந்து தெரியவில்லை, உருண்டைதான் தெரிந்தது. பந்து எங்கே இருக்கிறது என்பதை உருண்டை அவிழ்ந்தால்தான் சொல்ல முடியும். உருண்டையோ பயத்தில் அவிழ்கிற மாதிரி இல்லை. இரண்டு கரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கொக்குகள் ஒற்றைக் காலை மாற்றி வைத்தன. கடைசியில் கஜலட்சுமி குனிந்து, முடிந்துவிட்டது, வெளியே வா என்று காதருகே சொன்னாள். செதிலப்பன் மெல்ல அவிழ்ந்தான். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு மேற்குக் கரை ஜெயித்தது. செதிலப்பனைத் தூக்கிக்கொண்டு மடுவைச் சுற்றி வந்தார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தூக்குகிறவர்களைக் குனிந்து பார்த்தான். எல்லோரும் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். அப்படி ஒன்று அவன் வாழ்நாளில் நடந்ததேயில்லை.

மறுநாள் கிழக்குக் கரை புகார் கொடுத்தது. பந்து வைத்திருந்தவரைப் பின்னாலிருந்து தள்ளினார்கள், இது விளையாட்டா, வண்டி தள்ளுவதா என்று கேட்டது. விதிக்குழுவின் செயலாளரான நாரை விதிப்புத்தகத்தைப் புரட்டியது. தள்ளுவதைப் பற்றிய பக்கத்தை அமெரிக்காவிலிருந்து வரும் வழியில் மீன் பொதிய எடுத்துக்கொண்டது அதற்கு அப்போதுதான் நினைவு வந்தது. யாரோ செல்போனில் பிடித்த படம் ஒன்று இருந்தது. அதில் முதலிலிருந்து கடைசி வரை கஜலட்சுமியின் பின்பக்கமும் புழுதியும்தான் தெரிந்தன. ஆகவே சம்பந்தப்பட்டவரே படிவத்தில் உண்மையை எழுதிக் கொடுக்கட்டும் என்று குழு முடிவு செய்தது.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி. தாங்கள் (அ) தாங்களாகவே முன்னேறினீர்களா, (ஆ) பிறரால் தள்ளப்பட்டீர்களா? பொருந்துவதற்கு எதிரே நகக்குறி இடவும். மூன்று நகல்.

சடையாண்டி செதிலப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, ‘ஆ’வில் கீறினால் வெற்றி ரத்தாகும், மடு போய்விடும், உன் சீட்டும் போய்விடும் என்று பக்குவமாகச் சொன்னார். செதிலப்பனுக்கு முதலில் மனசு கேட்கவில்லை. தள்ளியது தள்ளியதுதானே, ஊரே பார்த்ததே என்றான். ஊர் பார்த்தது புழுதியை என்றார் சடையாண்டி. செதிலப்பன் படிவத்தை வாங்கிக்கொண்டான். முதல் நகலில் ‘அ’வுக்கு எதிரே கீறியபோது நகம் நடுங்கியது. இரண்டாவதில் அவ்வளவு நடுங்கவில்லை. மூன்றாவதில், யோசித்துப் பார்த்தால் தானும் கொஞ்சம் உந்தினோமோ என்று தோன்றியது.

விதிக்குழு தீர்ப்புச் சொன்னது. செதிலப்பன் தன் முயற்சியால் முன்னேறியது நிரூபணமாகிவிட்டதால் வெற்றி செல்லும். இனிமேல் யாரும் யாரையும் பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்று புதிய விதியும் சேர்க்கப்படுகிறது. மேற்குக் கரை தள்ளவே இல்லை என்பதால் அவர்களுக்கு இதில் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. சடையாண்டியும் இல்லை என்று கைநாட்டு வைத்தார். வேறு என்ன செய்வார்?

அதோடு நிற்கவில்லை. சீட்டு வழங்குகிற கிளி, தீர்ப்பின் நகலைப் பார்த்துவிட்டுக் கஜலட்சுமியின் சீட்டை நிறுத்தியது. அணியில் வேலை செய்த யானைக்குத்தான் சீட்டு. பதிவேட்டின்படி அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. இறுதி ஆட்டத்தில் செதிலப்பனுக்குப் பின்னால் சும்மா நின்றிருக்கிறாள்.

கஜலட்சுமி செதிலப்பனின் வளைக்குக் கன்றோடு வந்தாள். அவன் அப்போது மடுவிலிருந்து திரும்பி வந்து ஈர மூக்கோடு உட்கார்ந்திருந்தான். அவள் கோபப்படவில்லை. கிளி சொன்னதைச் சொன்னாள்.

“ஜெயிச்சது ஜெயிச்சதாவே இருக்கட்டும் தம்பி. எனக்கும் அதுல ஒரு கை இருந்துச்சுன்னு கிளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

செதிலப்பன் கன்றைப் பார்த்தான். அதன் காது வெயிலில் வாடித் தொங்கியது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கிளி கேட்கும். அந்தக் கை என்ன செய்தது என்று கேட்கும். அப்புறம் மூன்று நகலும் திரும்பி வரும். தவிர, மடுவைச் சுற்றித் தூக்கி வந்த நாள் முதல் வழியில் பார்க்கிறவர்கள் அவனுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

“படிவம் குடுத்தாச்சே அக்கா,” என்றான். “திருத்தணும்னா அதுக்கு வேற படிவம். அது நாரைகிட்டதான் இருக்கு. நாரை மீன் பிடிக்கப் போயிருக்கு.”

கஜலட்சுமி கன்றைத் திருப்பினாள். பிறகு தும்பிக்கையைக் கன்றின் முதுகில் வைத்து முதலைக்கயத்துப் பாதையில் நடந்தாள். செதிலப்பனுக்கு நெஞ்சு கனத்தது. கனம் தாங்காமல் சுருண்டு படுத்தான். எழுந்தபோது கனம் கொஞ்சம் குறைந்திருந்தது.

கோடை முழுக்க அவனுக்கு அழைப்புகள் வந்தன. குட்டிகள் படிக்கிற இடத்தில் முன்னேற்றம் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதல் கூட்டத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது கூட்டத்தில், காலும் கையும் குட்டையாகப் பிறந்தவன் எப்படி மூன்று காட்டெருமைகளைத் தன்னந்தனியாக ஊடுருவினான் என்பதை அரை மணி நேரம் சொன்னான். அடுத்தவர் தோளை நம்பாதே, உன் முதுகை நம்பு என்று முடித்தான். நத்தைகள் கண்ணீர் விட்டன. கடைசி வரிசையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி எழுந்து போனதை அவன் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாத மத்தியான வேளையில், காலி மைதானத்துக்குப் போய்ப் பார்த்தான். கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் உட்கார்ந்து, ஒரு கல்லை வயிற்றோடு அணைத்துச் சுருண்டான். காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அவிழ்ந்து பார்த்தபோது அதே இடத்தில் இருந்தான். கூட்டம் இல்லாததால் உற்சாகம் வரவில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

கஜலட்சுமியும் கன்றும் ஆவணியில் மழை பிடித்த பிறகு திரும்பி வந்தார்கள். கன்றின் பின்னங்காலில் முதலைப் பல் பட்ட தழும்பு இருந்தது. அவள் மேற்குக் கரைக்கு வரவில்லை. ஆற்றைக் கடந்து நேராகக் கிழக்குக் கரைக்குப் போனாள். அங்கே காட்டெருமைகள் எழுந்து நின்று இடம் கொடுத்தன. தள்ளுகிற வேலை எங்களிடம் இப்போது இல்லை, விதி மாறிவிட்டது என்று அவை சொன்னதாகவும், நான் மதில் வேலைக்கு வருகிறேன் என்று அவள் சொன்னதாகவும் கேள்வி.

அடுத்த வருஷத்து இறுதி ஆட்டம்.

மேற்குக் கரை மறுபடியும் தொண்ணூற்றொன்பது கஜம் வந்தது. மறுபடியும் நான்கு புள்ளி பின்தங்கல். மறுபடியும் ஒரு கஜம், நான்காவது வாய்ப்பு. சடையாண்டிக்கு இந்த முறை எறிந்துவிடலாமா என்று இருந்தது. தள்ளாமல் இவன் எப்படிப் போவான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மதியழகன் டேப்லெட்டை முகத்துக்கு நேரே நீட்டியது. செதிலப்பன் இதுவரை ஒரு முறை போயிருக்கிறார், ஒரு முறையும் வெற்றி, அதாவது நூற்றுக்கு நூறு, அதுவும் யார் உதவியும் இல்லாமல் என்று விதிக்குழுவே எழுதியிருக்கிறது. இப்படி ஒரு விவரம் இருக்கும்போது எறிவது அறிவாகாது.

அவன் தனியாகப் போகவில்லை என்று சொல்லச் சடையாண்டி வாயைத் திறந்தார். தன்னுடைய கைநாட்டு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

செதிலப்பன் தானாகவே நடந்து கோட்டருகே போனான். கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். எதிரே பன்னிரண்டு குளம்புகளோடு, நடுவில் தூண் மாதிரி நான்கு பெரிய கால்களும் இருந்தன. அவற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க அவன் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது. பந்தை அணைத்து, கண்ணை மூடி, சுருண்டான்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. காலி மைதானத்து மத்தியானம் நினைவுக்கு வந்து பயம் பிடித்தது. பிறகு அது வந்தது. பாறை மாதிரி ஒரு நெற்றி செதில்களின் மேல் வந்து ஒட்டியது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த நெற்றி. பயமெல்லாம் பறந்தது. உலகம் நகர ஆரம்பித்தது.

இந்த முறை ஒரு கஜத்தோடு நிற்கவில்லை. உருண்டான், உருண்டான், உருண்டுகொண்டே இருந்தான். பந்து வைத்திருப்பவர் விழுந்தால்தான் ஆட்டம் நிற்கும். உருண்டையாக இருப்பது விழுவதற்கில்லை. நிதானமூர்த்தி கழுத்தில் தொங்கிய ஊதலை வாய்க்குக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் மைதானத்தின் பாதி கடந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளக் கூடாது என்றுதான் விதி. முன்னாலிருந்து தள்ளுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. சடையாண்டி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீரி டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தது.

உருண்டைக்குள் செதிலப்பன் மகிழ்ச்சியாக இருந்தான். போன வருஷம் ஒரு கஜம் போனவன் இந்த வருஷம் எவ்வளவு தூரம் போகிறோம் பார் என்று நினைத்துக்கொண்டான். கோடை முழுக்கப் பேசியது வீண்போகவில்லை. இனிமேல் தன்னை நடுமைதானத்திலும் ஆட விடலாம் என்று சடையாண்டியிடம் சொல்ல வேண்டும்.

ஒருவழியாக நின்றது. ஒரே ஆரவாரம். செதிலப்பன் அவிழ்ந்து எழுந்து, பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஆரவாரம் வந்த பக்கம் பார்த்துக் குனிந்து வணங்கினான். ஆரவாரம் செய்தது முழுக்கக் கிழக்குக் கரை. அவன் நின்றது தொண்ணூற்றொன்பது கஜம் பின்னால், மேற்குக் கரையின் சொந்த எல்லைக்கோட்டின் மேல். புழுதியில் அவனுக்கு எந்தக் கோடும் ஒரே மாதிரி இருந்தது. இந்த வெற்றிக்கு யார் தோளையும் தான் நம்பவில்லை என்று பேசத் தொடங்கினான்.

நிதானமூர்த்தி வந்து சேர்ந்தார். நடந்ததைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் மூச்சு வாங்க நின்றிருந்த கஜலட்சுமியைப் பார்த்து, இவரை இவ்வளவு தூரம் தள்ளி வந்தது நீங்கள்தானா என்று கேட்டார்.

கஜலட்சுமி நெற்றியில் ஒட்டியிருந்த புழுதியைத் துதிக்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நான் எங்கே தள்ளுனேன்?” என்றாள். “அவராத்தான் வந்தார்.”

செதிலப்பன் பேச்சை நிறுத்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷமாகத் தான் சொல்லி வந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு சாட்சி கிடைத்தது.

நீதி: கண்ணை மூடிச் சுருண்டிருப்பவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் முன்னேற்றம்தான். ஆகையால் தள்ளுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒருபோதும் பார்க்காதே. பார்த்தால் நன்றி சொல்ல வேண்டி வரும்.